எலக்ட்ரான் கூட்டைப் பார்த்து ஓர் அணுவின் குணத்தைச் சொல்வது எப்படி

நான்காம் படிவத்தில் வேதியியல் எடுத்த பிள்ளைகளிடம் சோடியம் ஏன் குளோரினோடு சேர்கிறது என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். சோடியத்துக்கு வெளிக்கூட்டில் ஒரு எலக்ட்ரான் இருக்கிறது, அதைக் கொடுத்துவிட ஆசைப்படுகிறது, குளோரினுக்கு ஒன்று குறைகிறது, அதை வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறது, இரண்டுக்கும் எட்டு வந்துவிட்டால் நிம்மதி. மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுத் தாளுக்கு இது ஓரளவு போதும். ஆனால் அடுத்த கேள்விக்கே இந்தப் பதில் நிற்காது. பொட்டாசியத்துக்கும் வெளியே ஒன்றுதான், அது ஏன் சோடியத்தைவிட வேகமாக வினைபுரிகிறது? செம்புக்கும் வெளியே ஒன்றுதான், அதைத் தண்ணீரில் போட்டால் ஏன் சும்மா கிடக்கிறது? கார்பனுக்கு நான்கு இருக்கிறதே, அது கொடுக்குமா, வாங்குமா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் எடுக்கும் நான் இந்த ஆசைக் கதையை வகுப்பில் சொல்வதே இல்லை. அணுவுக்கு ஆசை கிடையாது. நேர்மின்சுமை கொண்ட அணுக்கரு எலக்ட்ரானை இழுக்கிறது, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, அவ்வளவுதான் நடக்கிறது. எந்த எலக்ட்ரான் எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது என்று கணிக்கத் தெரிந்துவிட்டால் மேலே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் தானாக வரும். அந்தக் கணிப்புக்கு ஒரு கழித்தல் கணக்கு போதும். பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்துவிட்டு வீட்டில் தமிழில் யோசிக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாவுக்காகவும் அதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஒரு தாளும் பென்சிலும் தனிம அட்டவணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அணு எண். அணுக்கருவில் எத்தனை புரோட்டான் என்பதுதான் அது, எலக்ட்ரான்களும் அத்தனையே. (இந்த எண் வெறும் வரிசை எண் இல்லை, அணுக்கருவின் மின்சுமையேதான் என்று 1913இல் எக்ஸ் கதிர்களை அளந்து காட்டியவர் ஹென்றி மோஸ்லி. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 27 வயதில், கலிப்போலி போர்க்களத்தில் இறந்துபோனார். அவரை நினைக்காமல் இந்தப் பாடத்தை என்னால் தொடங்க முடிவதில்லை.) அப்புறம் அந்த எலக்ட்ரான்களைக் கூடு கூடாக அடுக்குங்கள். முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18, நான்காவதில் 32 வரை கொள்ளும். கூட்டின் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் இந்த எண்கள் வரும். ஒரு கூட்டுக்கு ஏன் இப்படி ஒரு வரம்பு என்றால், ஓர் அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் எல்லா விதத்திலும் ஒரே நிலையில் இருக்க முடியாது என்று 1925இல் வுல்ஃப்காங் பவுலி சொன்ன விதிதான் காரணம். அந்த விதி இல்லையென்றால் எல்லா எலக்ட்ரானும் முதல் கூட்டிலேயே போய் விழுந்திருக்கும், வேதியியலே இருந்திருக்காது.

பிள்ளைகள் தடுமாறும் ஓர் இடம் இங்கே உண்டு. பொட்டாசியத்தின் அணு எண் 19, மூன்றாவது கூடு 18 கொள்ளும், அப்படியானால் 2.8.9 என்றுதானே எழுத வேண்டும்? சரியான அடுக்கு 2.8.8.1. ஒரு கூட்டுக்குள்ளேயே எஸ், பி, டி என்று துணைக்கூடுகள் இருக்கின்றன. மூன்றாவது கூட்டின் டி பகுதியைவிட நான்காவது கூட்டின் எஸ் பகுதிக்கு இந்த இடத்தில் ஆற்றல் குறைவு, அதனால் எலக்ட்ரான் முதலில் அங்கே போய்விடுகிறது. கால்சியம் வரைக்கும், அதாவது 20ஆவது தனிமம் வரைக்கும், 2, 8, 8, 2 என்ற வரிசையை நம்பி எழுதலாம்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்கும் அணுக்கருவுக்கும் நடுவில் உள்கூட்டு எலக்ட்ரான்கள் நிற்கின்றன. தைப்பூசக் கூட்டத்தில் சன்னதிக்கு முன்னால் நிற்பவர்கள் பின்னால் இருப்பவருக்குச் சாமியை மறைத்துவிடுவது போல, இந்த உள் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பை மறைத்துவிடுகின்றன. ஆகவே அணு எண்ணிலிருந்து உள்கூட்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கழித்துவிடுங்கள். வருவதை மிச்சச் சுமை என்று வைத்துக்கொள்வோம். சோடியம் 2.8.1, அதாவது 11இல் 10 போனால் மிச்சம் 1. மக்னீசியத்துக்கு 2. குளோரின் 2.8.7, 17இல் 10 போனால் 7. ஆர்கானுக்கு 8. நடுநிலை அணுவில் இந்த எண் வெளிக்கூட்டு எலக்ட்ரான் எண்ணிக்கையாகவே வந்து நிற்கும். எண்தான் ஒன்று, அர்த்தம் வேறு. வெளியே ஏழு பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு தகவல், அந்த ஏழு பேரில் ஒவ்வொருவரையும் ஏழு மடங்கு சுமை உள்ளே இழுக்கிறது என்பது ஒரு காரணம். இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் குறைந்துவிடும்.

அடுத்து தூரம். மின் இழுவிசை தூரத்தோடு வேகமாகக் குறையும், ஆகவே எத்தனை கூடு என்பதையும் கூடவே எழுதுங்கள். சோடியம்: மிச்சம் 1, மூன்று கூடு. பொட்டாசியம்: மிச்சம் 1, நான்கு கூடு. ஒரே மிச்சச் சுமை, ஆனால் பொட்டாசியத்தின் எலக்ட்ரான் இன்னும் தள்ளி நிற்கிறது, அதனால் சுலபமாகக் கழன்றுவிடும். இதைக் கணக்கில் மட்டும் விட்டுவிடாமல் அளவீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவைப்படும் ஆற்றலை அயனியாக்க ஆற்றல் என்கிறோம். ஒரு மோலுக்கு (அணுக்களை மொத்தமாக எண்ணும் அலகு அது) லித்தியத்தில் 520 கிலோஜூல், சோடியத்தில் 496, பொட்டாசியத்தில் 419, சீசியத்தில் 376. கீழே போகப் போகக் குறைகிறது. ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் காட்டும்போது லித்தியம் தண்ணீரில் மெதுவாக நுரைப்பதும், சோடியம் உருகி உருண்டையாக ஓடுவதும், பொட்டாசியம் ஊதா நிறத்தில் தீப்பிடிப்பதும் இந்த வரிசையில்தான்.

இடமிருந்து வலமாகப் போனால் கூடு எண்ணிக்கை மாறாது, மிச்சச் சுமை மட்டும் ஏறும். சோடியத்தில் 496, மக்னீசியத்தில் 738, சிலிக்கானில் 787, குளோரினில் 1251, ஆர்கானில் 1521. நடுவில் அலுமினியத்தில் 578 என்று ஒரு சறுக்கல் உண்டு, அங்கே எலக்ட்ரான் முதல் தடவையாக மூன்றாம் கூட்டின் பி துணைக்கூட்டுக்குள் போகிறது, அது எஸ் பகுதியைவிடக் கொஞ்சம் தளர்வான இடம். கந்தகத்திலும் ஒரு சின்ன இறக்கம் இருக்கிறது. மற்றபடி ஏற்றம்தான்.

இதே கழித்தலை இரண்டாவது எலக்ட்ரானுக்கும் செய்து பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சோடியத்தில் முதல் எலக்ட்ரானை எடுக்க 496 போதும் என்றோமே, இரண்டாவதை எடுக்க எவ்வளவு தெரியுமா? 4562. ஒன்பது மடங்குக்கும் மேல். காரணத்தைக் கணக்கு சொல்லும்: இரண்டாவது எலக்ட்ரான் இரண்டாம் கூட்டிலிருந்து வர வேண்டும், அதற்கும் அணுக்கருவுக்கும் நடுவில் வெறும் 2 எலக்ட்ரான்கள்தான், 11இல் 2 போனால் மிச்சம் 9, தூரமும் குறைந்துவிட்டது. ஆகவே சாதாரண வேதிவினையில் சோடியம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். மக்னீசியத்தில் 738, 1451, அப்புறம் 7733, ஆக இரண்டோடு நிற்கும். அலுமினியத்தில் 578, 1817, 2745, அப்புறம் 11577, ஆக மூன்று. தேர்வில் இப்படி எண்களை வரிசையாகக் கொடுத்து எந்தத் தொகுதி, அதாவது அட்டவணையின் எந்தச் செங்குத்து வரிசை, என்று கேட்டால், எங்கே பெரிய தாவல் வருகிறது என்று மட்டும் பாருங்கள். தாவலுக்கு முன்னால் எத்தனை எண்களோ அத்தனை வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள்.

கோலாலம்பூரில் இருப்பவர்கள் இதை பத்துமலையிலேயே பார்க்கலாம். அந்தக் குன்று சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். கால்சியம் 2.8.8.2, அதன் எண்கள் 590, 1145, 4912. மூன்றாவதைத் தொடவே முடியாது என்பதால் அந்தக் குன்றில் உள்ள கால்சியம் எல்லாமே இரண்டு எலக்ட்ரானை இழந்த அயனிதான். மழைத்தண்ணீரில் கரைந்த கரியமில வாயு கல்லைக் கரைத்து எடுத்துப்போய்க் குகைக்கூரையில் சொட்டவிட்டு மறுபடி கல்லாக்கித் தொங்கவிடும்போதும், நடுவில் சேர்மம் எத்தனை தடவை மாறினாலும், கால்சியம் அதே இரண்டு நேர்மின்சுமையோடுதான் போய் வருகிறது.

கொடுக்கும் பக்கம் புரிந்தது. வாங்கும் பக்கத்துக்கு ஒரே ஒரு கேள்வி: புதிதாக ஓர் எலக்ட்ரான் வந்தால் அது எங்கே உட்காரும், அங்கே அதற்கு எவ்வளவு இழுப்பு கிடைக்கும்? குளோரினுக்கு வந்தால் மூன்றாம் கூட்டிலேயே இடம் இருக்கிறது, அங்கே மிச்சச் சுமை 7. அதனால் வரும் எலக்ட்ரான் பிடிபடுகிறது, மோலுக்கு 349 கிலோஜூல் வெளியாகிறது. ஆர்கானுக்கு வந்தால்? மூன்றாம் கூட்டின் எஸ், பி இடங்கள் நிரம்பிவிட்டன, நான்காம் கூட்டுக்குப் போக வேண்டும், அங்கிருந்து பார்த்தால் உள்ளே 18 எலக்ட்ரான்கள், 18இல் 18 போனால் பூச்சியம். பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. இருப்பதை எடுக்கலாம் என்றால் 1521 கேட்கிறது. கொடுக்கவும் கஷ்டம், வாங்கினாலும் நிற்காது. எட்டு என்ற எண்ணின் பின்னால் இருக்கும் விஷயம் இவ்வளவுதான். எட்டு ஒரு காரணம் இல்லை, விளைவு.

ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் எல்லாவற்றுக்கும் மிச்சம் 7தான், ஆனால் கீழே போகப் போக வந்து சேரும் எலக்ட்ரான் தூரமாக உட்கார வேண்டியிருக்கும். அதனால் இங்கே வரிசை தலைகீழ், மேலே இருப்பதற்குத்தான் வேகம் அதிகம். பொட்டாசியம் அயோடைடு கரைசலில் குளோரின் தண்ணீரை ஊற்றினால் அயோடின் வெளியே வந்து பழுப்பாகும், குளோரின் எலக்ட்ரானை எடுத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

சரி, இப்போது சோடியம் குளோரைடு. சோடியத்திடமிருந்து எடுக்க 496 செலவு, குளோரினிடம் கொடுக்கும்போது 349 வரவு. கழித்தால் 147 கிலோஜூல் கைநட்டம்! ஆசையாகக் கொடுத்தது, ஆசையாக வாங்கியது என்ற கதை இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. தனித்தனி அணுக்களாக வெகு தூரத்தில் இருக்கும்போது இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கவே நடக்காது. முழுக் கணக்கை எழுதிப் பாருங்கள்: திடச் சோடியத்தைத் தனி அணுக்களாக்க 107, குளோரின் மூலக்கூற்றைப் பிளந்து ஓர் அணு எடுக்க 122, எலக்ட்ரானைப் பிடுங்க 496, மொத்தம் 725 செலவு. வரவான 349ஐக் கழித்தாலும் 376 பற்றாக்குறை. அப்புறம் நேர் அயனியும் எதிர் அயனியும் நெருங்கி வந்து முப்பரிமாணத்தில் ஒன்றையொன்று சூழ்ந்து படிகமாகும்போது 787 வெளியாகிறது. ஆக 411 கிலோஜூல் லாபம். சமையலறை உப்பு அவ்வளவு உறுதியாக இருப்பதும் 801 டிகிரி செல்சியஸில்தான் உருகுவதும் இந்த 787இன் பலம். எலக்ட்ரான் கூடு சொல்வது செலவு எவ்வளவு என்பதை. அந்தச் செலவு குறைவாக இருந்தால்தான் படிகத்தின் வரவு அதை அடைக்க முடியும்.

அதனால்தான் கார்பன் நான்கைக் கொடுப்பதில்லை. மிச்சம் 4, இரண்டே கூடு, நான்கு எலக்ட்ரானையும் எடுக்க 1086, 2353, 4620, 6223 என்று ஏறிக்கொண்டே போய் மொத்தம் 14000 கிலோஜூலைத் தாண்டிவிடும். எந்தப் படிகமும் அதை அடைக்காது. நான்கை வாங்கலாம் என்றால் உள்ளே வந்து குவியும் எதிர்மின்சுமையே அடுத்ததைத் தள்ளிவிடும். மிச்சம் இருக்கும் வழி பகிர்வு. ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் இரண்டு அணுக்கருக்களின் நடுவில் இருந்து இரண்டாலும் இழுக்கப்பட்டால் ஆற்றல் இறங்கும். 1916இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் புள்ளி புள்ளியாக வரைந்து சொன்னது இந்தப் பகிர்ந்த ஜோடியைத்தான். கார்பன் 4, நைட்ரஜன் 3, ஆக்சிஜன் 2, ஃபுளோரின் 1 என்று பிணைப்பு எண்ணிக்கை இறங்கி வருவது வெளிக்கூட்டில் எத்தனை இடம் காலி என்பதைப் பொறுத்தது. ஹைட்ரஜனையும் இங்கேயே முடித்துவிடலாம்: மிச்சம் 1, ஆனால் ஒரே கூடு, மறைக்க உள்ளே யாருமே இல்லை, அயனியாக்க ஆற்றல் 1312. முதல் தொகுதியில் மேலே உட்கார்ந்திருந்தாலும் அது உலோகம் மாதிரி நடக்காததற்குக் காரணம் அதுதான்.

பகிர்ந்தாலும் இழுப்பு சமமாக இருக்க வேண்டும் என்றில்லை. தண்ணீரில் ஆக்சிஜனின் மிச்சம் 6, இரண்டே கூடு, ஆகவே பகிர்ந்த ஜோடி அதன் பக்கம் சாய்ந்திருக்கும். உப்பு தண்ணீரில் கரைவதும், எண்ணெய் கரையாததும் இந்தச் சாய்விலிருந்து தொடங்குகிறது.

இந்த ஊரோடு சேர்ந்த தனிமம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1857இல் அம்பாங் பக்கம் வெள்ளீயம் தோண்ட ஆட்கள் வந்ததிலிருந்துதான் கோலாலம்பூர் தொடங்குகிறது. அந்த வெள்ளீயத்தின் அணு எண் 50, அடுக்கு 2.8.18.18.4. மிச்சம் 4, கார்பனைப் போலவே. ஆனால் கூடு ஐந்து. வெளி எலக்ட்ரான்கள் தள்ளிப்போய்த் தளர்ந்துவிட்டன, முதலாவதை எடுக்க 709தான், கார்பனில் அது 1086. அதே தொகுதியில் கார்பன் அலோகம், சிலிக்கானும் ஜெர்மானியமும் இரண்டுங்கெட்டான், வெள்ளீயமும் காரீயமும் உலோகம். வெளியே நான்கு என்பதை மட்டும் பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது. இன்னொன்று, அந்த நான்கில் இரண்டு எஸ் பகுதியிலும் இரண்டு பி பகுதியிலும் இருக்கின்றன. பி இரண்டும் முதலில் போகும், எஸ் இரண்டும் கொஞ்சம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வெள்ளீயத்துக்கு இரண்டு முகம்: சுரங்கத்தில் கிடைக்கும் தாதுவில் நான்கையும் பயன்படுத்திய ஆக்சைடாகவும், சில சேர்மங்களில் இரண்டை மட்டும் இழந்த அயனியாகவும் இருக்கும்.

இந்த முறை எங்கே தடுமாறும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உள் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் முழுதாக ஒரு சுமையை மறைக்கிறது என்று நாம் வைத்துக்கொண்டது ஒரு வசதிக்காகத்தான். எஸ், பி எலக்ட்ரான்கள் ஓரளவு நன்றாக மறைக்கும், டி எலக்ட்ரான்கள் அவ்வளவாக மறைக்காது. செம்பு 2.8.18.1. கழித்தால் 1 வருகிறது, பொட்டாசியத்தைப் போல நான்கு கூடு, ஆனால் அயனியாக்க ஆற்றல் 745. மூன்றாம் கூட்டில் இருக்கும் பத்து டி எலக்ட்ரான்கள் சரியாக மறைக்காததால் வெளி எலக்ட்ரானுக்கு உண்மையில் கிடைக்கும் இழுப்பு 1ஐவிட நிறைய அதிகம். செம்புக் குடத்தில் தைரியமாகத் தண்ணீர் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அட்டவணையின் நடுவில் இருக்கும் உலோகங்களுக்கு இந்தக் கழித்தலை அப்படியே போடாதீர்கள்.

இன்னும் உள்ளே போனால் அருமண் தனிமங்கள். வெள்ளீயத் தாதுவைக் கழுவிப் பிரித்த பிறகு தங்கும் கனமான மணலை இங்கே ஆமாங் என்பார்கள், அதில் இருக்கும் மோனசைட் கனிமத்தில் இவை உண்டு. லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை, புதிதாக வரும் எலக்ட்ரான் பெரும்பாலும் உள்ளே இருக்கும் நான்காம் கூட்டில்தான் போய்ச் சேர்கிறது, வெளிப்பக்கம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதனால் பெரும்பாலும் எல்லாமே மூன்று எலக்ட்ரானை இழக்கும், எல்லாமே ஒன்றுபோல வினைபுரியும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பல கட்டங்களாகச் செய்ய வேண்டியிருக்கும்.

மந்த வாயுக்கள் எதனோடும் சேரவே சேராது என்று யாராவது சொன்னால் செனானைச் சொல்லுங்கள். கனடாவில் நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர் பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு என்ற பொருள் ஆக்சிஜன் மூலக்கூற்றிடமிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூற்றுக்கு அதற்கான விலை சுமார் 1165. செனானுக்கு 1170. வித்தியாசம் அற்பம், அப்படியானால் செனானிடமும் ஏன் பிடுங்கக் கூடாது என்று 1962இல் இரண்டையும் சேர்த்தார், மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு திடப்பொருள் வந்தது. செனானுக்கு ஐந்து கூடு, வெளி எலக்ட்ரான்கள் தூரத்தில். இரண்டு கூடு மட்டுமே உள்ள நியானுக்கு 2081, அதனிடம் இந்த வேலை நடக்காது. இரண்டுக்கும் வெளியே எட்டுதான்.

பழகிக்கொள்ள ஒன்று தருகிறேன், கீழே படிக்காமல் நீங்களே போட்டுப் பாருங்கள். செலீனியம், அணு எண் 34. அடுக்கு 2.8.18.6, உள்ளே 28, மிச்சம் 6, நான்கு கூடு. உள்ளே பத்து டி எலக்ட்ரான்கள் இருப்பதால் உண்மையான இழுப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடம் காலி, ஆகவே ஹைட்ரஜனோடு சேர்ந்தால் ஒரு செலீனியத்துக்கு இரண்டு ஹைட்ரஜன், தண்ணீர் மாதிரி, ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி. சோடியத்தோடு சேர்ந்தால் இரண்டு சோடியம், ஒரு செலீனியம். கந்தகத்தைவிட ஒரு கூடு அதிகம், அதனால் எலக்ட்ரானைப் பிடிக்கும் பலம் குறைவு, அயனியாக்க ஆற்றலும் 1000இலிருந்து 941க்கு இறங்கும். இது வந்துவிட்டால் அடுத்து டெல்லூரியம், அணு எண் 52.